நிறுவனங்களுக்குப் பெயர் சூட்டியது போதும். எங்கள் வினைச்சொற்களைப் பதிவு செய்யுங்கள்

கலைச்சொல் குழுக்களில் இருப்பவர்களுக்கும் அகராதி தொகுப்பவர்களுக்கும்,

‘வாட்ஸ்அப் – புலனம், இன்ஸ்டாகிராம் – படவரி, வீசாட் – அளாவி, ஸ்கைப் – காயலை’ என்று நீளும் பட்டியல் ஒன்று, யார் தொகுத்தது என்ற கையெழுத்தில்லாமல் பல ஆண்டுகளாகக் குடும்பக் குழுக்களில் சுற்றுகிறது. சுற்றட்டும். ஃபார்வர்டுகளுக்கு நீங்கள் பொறுப்பல்ல. ஆனால் உங்கள் குழுக்களும் இணையத் தமிழ் என்றால் கருவிகளுக்கும் நிறுவனங்களுக்கும் பெயர் வைப்பதுதான் என்று அதே தடத்தில் போகின்றன. மக்கள் தாங்களாகவே ஆக்கிக்கொண்ட சொற்களோ ‘கொச்சை’, ‘நிலைக்காது’ என்ற இரண்டே காரணங்களால் வாசலிலேயே நிறுத்தப்படுகின்றன. இதைத்தான் பொறுக்க முடியவில்லை. இணையத்தில் தமிழ் எழுதுபவர்கள், மென்பொருள் திரைச்சொற்களைத் தமிழாக்குபவர்கள், மெய்ப்புப் பார்ப்பவர்கள் ஆகிய நாங்கள் சேர்ந்து இதை எழுதுகிறோம். உங்கள் பட்டியல்களை வைத்து அன்றாடம் வேலை பார்க்கிறவர்கள் நாங்கள்.

நிறுவனப் பெயர்களை முதலில் பேசிவிடலாம். அது சீக்கிரம் முடியும். 2023 ஜூலையில் ட்விட்டர் ‘எக்ஸ்’ ஆனது. ட்விட்டருக்கு வைத்த ‘கீச்சகம்’ என்ற பெயரை இனி எங்கே வைப்பது? 2025 மே மாதம் ஸ்கைப் மூடப்பட்டது. காயலை யாருக்கும் பழகும் முன்பே அதற்குரிய பொருளே இல்லாமல் போயிற்று. வணிகப் பெயர் என்பது ஆள்பெயரைப் போல, அதன் உரிமையாளர் நினைத்தால் நாளைக்கே மாற்றிவிடுவார். செயலிக் கடையில் ‘புலனம்’ என்று தட்டித் தேடுகிற ஒருவருக்கு அவர் தேடும் செயலி வரும் என்று சொல்ல முடியாது. ‘வாட்ஸ்அப்’ என்று தட்டினால் வரும். ட்விட்டரோடு சேர்ந்து பிறந்த சொற்களில் ‘கீச்சு’ (ட்வீட்) மட்டும் ஓரளவு உயிரோடு இருப்பதைப் பாருங்கள். ‘கீச்சினார்’, ‘கீச்சியிருக்கிறார்’ என்று எழுத முடிந்ததே அதற்குக் காரணம். அது ஒரு செயலின் பெயராக இருந்தது. கடை போனாலும் செயல் போகவில்லை.

அடுத்தது அந்த ‘அலை’க் குடும்பம். அருகலை (வைஃபை), ஊடலை (புளூடூத்), ஆலலை (பிராட்பேண்ட்) வரை சிக்கலில்லை. ஹாட்ஸ்பாட்டுக்குப் ‘பகிரலை’, ஆன்லைனுக்கு ‘இயங்கலை’, ஆஃப்லைனுக்கு ‘முடக்கலை’ என்று வரும்போது ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ‘வரலை, போகலை, சாப்பிடலை’ என்று பேசும் நாட்டில் ‘பகிரலை’ என்றால் நான் யாருக்கும் பகிரவில்லை என்று அர்த்தம். ‘சர்வர் இயங்கலை’ என்றால் சர்வர் படுத்துவிட்டது என்று அர்த்தம். இணைப்பில் இருப்பதைக் குறிக்க ஆக்கிய சொல், பேச்சில் அது வேலை செய்யவில்லை என்று அறிவிக்கிறது! தாளில் எழுதிப் பார்த்துவிட்டு வெளியிட்டால் இப்படித்தான் ஆகும். பேசிப் பார்த்திருந்தால் முதல் நிமிடத்திலேயே யாராவது சிரித்திருப்பார்கள்.

ஆக்கச் சொற்கள் எல்லாமே தோற்றன என்று நாங்கள் சொல்லவில்லை. மின்னஞ்சல், கடவுச்சொல், உலாவி, தேடுபொறி, செயலி எல்லாம் நின்றுவிட்டன. ‘செயலி’ மூன்றே எழுத்து. ‘செயலியை’, ‘செயலியில்’ என்று வேற்றுமை ஏற்க இடறல் இல்லை. நாளிதழ்த் தலைப்பிலும் அடங்கும். இன்னும் கவனிக்க வேண்டியவை பின்னூட்டம், பதிவர், திரட்டி, வலைப்பூ, இழை (த்ரெட்) போன்றவை. இவை மின்னஞ்சல் வழியே உரையாடிய மடற்குழுக்களிலும் வலைப்பதிவுகளிலும் எழுதிக்கொண்டிருந்தவர்கள் தங்களுக்குள் விவாதித்து, அன்றைக்கே புழங்கிப் பார்த்து வைத்துக்கொண்டவை. பொருளைப் பயன்படுத்துகிறவர்களே பெயரும் வைத்தார்கள்.

எங்கள் முதன்மையான குறை இனிமேல்தான். கருவிக்கு நூறு பெயர் இருக்கிறது; கருவியை வைத்துக்கொண்டு மனிதர்கள் நாள் முழுக்கச் செய்கிற காரியங்களுக்கு உங்கள் பட்டியல்களில் பெயர் இல்லை.

வாட்ஸ்அப்பையே எடுத்துக்கொள்வோம். ஒரு டிக் என்றால் அனுப்பியாயிற்று, இரண்டு சாம்பல் டிக் என்றால் போய்ச் சேர்ந்தது, நீலமானால் பார்த்தாயிற்று. நீல டிக் வந்தது 2014 நவம்பரில். அதன் பிறகு பதில் போடாமல் இருப்பது என்ற ஒரே காரியம் பல காரியங்களாகப் பிரிந்துவிட்டது. அறிவிப்புப் பட்டையை இழுத்து மேலோட்டமாகப் படித்துவிட்டு உள்ளே போகாமல் விடுவது ஒன்று. டிக் சாம்பலாகவே நிற்கும், நீண்ட செய்தி என்றால் பாதியில் வெட்டுப்படும். திறந்து படித்து நீலம் காட்டிவிட்டு வாயைத் திறக்காமல் இருப்பது இன்னொன்று. ஃபிளைட் மோடு போட்டுவிட்டுத் திறந்து படிப்பது மூன்றாவது. திரும்ப நெட் வந்ததும் நீலம் தானாகப் போய்விடும் என்பதால் இது தற்காலிகத் தந்திரம்தான். நீல டிக்கையே அணைத்து வைப்பது நான்காவது. அணைத்தால் மற்றவர் பார்த்தாரா என்பது உங்களுக்கும் தெரியாது, குழுக்களில் அந்த அமைப்பு செல்லவும் செல்லாது. இவை போக, ‘டைப்பிங்’ என்று காட்டிவிட்டு நின்றுபோகிற அந்த அரை நிமிடம். நட்பு முறிவதும் சம்பந்தம் தட்டிப்போவதும் இந்த ஐந்துக்குள் எது நடந்தது என்பதைப் பொறுத்துத்தான்.

ஜப்பானியர்கள் இரண்டாவதற்கு ‘கிதோக்கு ஸுரூ’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். ‘படித்தாயிற்று’ என்று அவர்களது லைன் செயலி காட்டும் சொல்லோடு ‘த்ரூ’ என்ற ஆங்கிலச் சொல்லை ஒட்டிய கலப்புச் சொல் அது. கலப்பு என்று அங்கே யாரும் அதைத் தள்ளி வைக்கவில்லை. நம்மவர்களும் சும்மா இல்லை. ‘சீன்ல (seen) விட்டுட்டான்’, ‘ப்ளூ டிக் விட்டுட்டுப் போயிட்டா’ என்று பதின்ம வயதினர் தினமும் பேசுகிறார்கள். அந்த ‘விட்டுட்டான்’ சுத்தத் தமிழ். நடுத்தெருவில் விட்டுட்டான் என்பதில் வரும் அதே ‘விடு’. உங்கள் பார்வையில் படுவது ‘சீன்’ மட்டும்.

தமிழில் இணைய வழக்கு வாழ்வது வினையில்தான். பெயர் எங்கிருந்தும் வரலாம்; அதோடு எந்த வினை சேரும் என்பதைத் தமிழ்தான் முடிவு செய்கிறது. கமெண்ட் போடுகிறோம். லைக் போடுகிறோம், தட்டவும் செய்கிறோம். ஸ்டேட்டஸ் மட்டும் ‘வைக்கிறோம்’, ஆனால் ஸ்டோரி ‘போடுகிறோம்’. இரண்டும் 24 மணி நேரத்தில் மறைகிற ஒரே வகைப் பதிவுதான். ரிங்டோன் வைத்தது, காலர் டியூன் வைத்தது என்ற பழைய பழக்கத்தின் வாரிசு ஸ்டேட்டஸ் என்பது எங்கள் ஊகம். மிஸ்டு கால் கொடுக்கிறோம். லைவில் ‘வருகிறோம்’. வீடியோவை ஏற்றுகிறோம், படத்தை இறக்குகிறோம். ஐடிக்கு ரிப்போர்ட் ‘அடிக்கிறோம்’. ஐடியை முடக்கினால் ‘தூக்கிவிட்டார்கள்’ என்கிறோம். குழுவிலிருந்து ஒருவரை விலக்கினாலும் தூக்குவதுதான். தமிழ் கற்க வருகிற ஒருவர் ‘ஸ்டேட்டஸ் செய்தேன்’ என்று எழுதினால் தவறு என்று நமக்கு உடனே தெரிகிறது. ஏன் தவறு என்று அவர் எடுத்துப் பார்க்க எந்தப் பட்டியலில் இடம் இருக்கிறது? பெயரை மட்டும் மொழிபெயர்த்துவிட்டு, அதோடு சேரும் வினையைச் சொல்லாமல் விடுவது பாதி வேலை. திரைச்சொற்களைத் தமிழாக்குகிறவர்களுக்கு இது கூடுதல் தலைவலி. பொத்தானில் எழுத வேண்டியது ஏவல்வினை. பட்டியலில் கிடைப்பதோ தொழிற்பெயர். ‘பகிர்’, ‘பதிவிறக்கு’, ‘அழி’ போன்றவை கையில் இருப்பதால் தப்பித்தோம். மற்ற இடங்களில் ஆளுக்கொரு சொல்லை வைத்து, பயனர்கள் குழம்பி, கடைசியில் ஆங்கிலத் திரைக்கே திரும்பிவிடுகிறார்கள்.

இனி மக்கள் ஆக்கிய வினைகள். ‘எந்நேரமும் போனை நோண்டிக்கிட்டே இருக்கான்’ என்று வீட்டுக்கு வீடு சொல்கிறார்கள். தோண்டுவது, கிளறுவது என்ற பொருளிலிருந்து ஒரு காரணமும் இல்லாமல் திரையைத் தள்ளிக்கொண்டே போவது என்ற பொருளுக்கு ‘நோண்டு’ வந்து சேர்ந்துவிட்டது. எதிர்மறைச் செய்திகளையே நாடிப் போய்ப் படிப்பதற்கு ஆங்கிலத்தார் 2020 வாக்கில் ‘டூம்ஸ்க்ரோலிங்’ என்ற ஒரு சொல்லைப் பரப்பினார்கள். அதை எப்படித் தமிழாக்குவது என்று நம்மவர்கள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். ‘நோண்டு’ பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. சண்டை பிடிக்கும் இழையில் மூன்றாமவர் பெயரைக் குறித்து உள்ளே இழுப்பது ‘கோத்துவிடுவது’. தன் தலைவர் என்ன சொன்னாலும் நியாயப்படுத்துவது ‘முட்டுக்கொடுப்பது’; அவருக்காகக் கூலியில்லாமல் உற்சாகமாகச் சண்டைக்குப் போனால் ‘கம்பு சுத்துவது’. ஆதாரமில்லாததை அடுக்கிக்கொண்டே போவது ‘உருட்டு’. செய்தியின் தலைப்பை மட்டும் படித்துவிட்டுக் கொதிப்பது ‘பொங்குவது’. இவற்றுக்கிடையே இருக்கும் நுண்ணிய வேறுபாட்டை எந்தக் கல்லூரி மாணவரும் சொல்லிவிடுவார். முட்டுக்கொடுப்பவர் தற்காப்பில் இருக்கிறார், கம்பு சுத்துபவர் தாக்குகிறார். இத்தனை துல்லியமாகப் பொருள் பிரிகிற சொற்களைக் கொச்சை என்பது சோம்பல்.

ஒரு பதிவு எப்படி இருக்க வேண்டும் என்று நாங்கள் எண்ணுகிறோம் என்பதற்கு ஒரு மாதிரி:

கோத்துவிடு (வி.) [பேச்சு வழக்கு, இணையம்] கோத்துவிட, கோத்துவிட்டான், கோத்துவிடாத. 1. தொடர்பில்லாத ஒருவரை வம்பில் சிக்கவைத்தல். 2. பதிவிலோ பின்னூட்டத்திலோ ஒருவரது பெயரைக் குறித்து விவாதத்துக்குள் இழுத்தல்: ‘நீ ஜாலியா பேசிட்டு என்னை ஏன்டா கோத்துவிடுற?’ வேறு வடிவங்கள்: கோர்த்துவிடு, கோத்து விடு. தொனி: கேலி, நெருங்கியவர்களிடம் செல்லக் கோபம், மற்றவரிடம் குற்றச்சாட்டு.

இதோடு முதலில் கிடைத்த சான்றின் தேதி, தளம், வழங்கும் ஊர் ஆகியவை சேர்ந்தால் போதும். ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத மூன்று பேர் எழுதிய மூன்று முழு வாக்கியங்கள் சான்றாக இருந்தால், ஒரே நட்பு வட்டத்தின் உள்நகைச்சுவை அகராதிக்குள் நுழைந்துவிடாது.

‘நிலைக்காது’ என்ற மறுப்புக்கு வருவோம். நிலைக்காத சொல்லைப் பதிவு செய்யாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு நம் கண்முன்னே சான்று இருக்கிறது. வலைப்பதிவுகளை ஒரே இடத்தில் திரட்டிக் காட்டிய தமிழ்மணம் திரட்டி 2004இல் வந்த பிறகு, வலைப்பதிவுகளின் பின்னூட்டங்களில் ஒரு தனி மொழியே வளர்ந்தது. ‘மீ த ஃபர்ஸ்ட்டு’ என்று முதல் பின்னூட்டம் இடுபவர் அறிவிப்பார். அந்த முதலிடத்துக்குப் பரிசு ‘வடை’; இரண்டாவதாக வந்தவர் ‘வடை போச்சே’ என்பார். பதிவின் பொருளை விட்டுவிட்டு அரட்டையில் நூறைத் தொடுவது ‘கும்மி’. நீ எனக்கு எழுதினாய், நான் உனக்கு எழுதுகிறேன் என்று கணக்குத் தீர்ப்பது ‘மொய்’. பெயரில்லாமல் வந்து திட்டுபவர் ‘அனானி’. ‘த.ம. 1’ என்று ஒற்றை வரியில் ஒரு பின்னூட்டம் இருந்தால், தமிழ்மணத்தில் உங்கள் பதிவுக்கு முதல் வாக்கை நான் போட்டுவிட்டேன் என்று பொருள். இன்று இருபது வயதில் இருப்பவர் அந்தப் பக்கங்களைத் திறந்தால் ‘த.ம. 1’ ஏதோ பக்க எண் என்று நினைப்பார். இன்னும் இருபது ஆண்டு கழித்து அந்தக் காலத்தை ஆராய வருகிறவருக்கு யார் பொருள் சொல்வது? வழக்கொழிந்த சொல்லுக்குத்தான் அகராதி அதிகம் தேவை; வாழும் சொல்லைத் தெருவிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

சான்றுகளும் கரைந்துகொண்டிருக்கின்றன. மரத்தடி, ராயர் காப்பி கிளப், அகத்தியர் போன்ற தமிழ் மடற்குழுக்கள் இயங்கிய யாஹூ குழுமங்களின் உள்ளடக்கம் 2019 டிசம்பரில் நீக்கப்படத் தொடங்கியது. 2020 டிசம்பரில் சேவையே மூடப்பட்டது. 2020 ஜூனில் டிக்டாக் இந்தியாவில் தடை செய்யப்பட்டபோது, அதில் புழங்கிய பேச்சை எடுத்து வைத்தவர் யார்? இன்று பேச்சு நடப்பது மூடிய குழுக்களில், 24 மணி நேரத்தில் மறையும் ஸ்டேட்டஸ்களில். காத்திருந்து, நிலைத்த பிறகு பதிவு செய்யலாம் என்பது அச்சுக் காலத்து ஒழுங்கு. அப்போது தாள் மிஞ்சும். இப்போது ஒன்றும் மிஞ்சாது.

சேகரிப்பது எளிது என்று நாங்கள் சொல்லவில்லை. இடறும் இடங்கள் எங்களுக்குத் தெரியும். இளைஞர்களின் எழுத்தில் பெரும்பகுதி ரோமன் எழுத்தில் இருக்கிறது. ‘மொக்கை’ என்ற ஒரு சொல்லையே நான்கைந்து விதமாக எழுதுவார்கள், எல்லாவற்றையும் தேடியாக வேண்டும். தமிழ் எழுத்திலேயே தட்டியிருந்தாலும் ‘மொ’வில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியாகவும் உள்ளிடலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகவும் உள்ளிடலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு வேறு. யூனிகோடு சொல்லும் முறைப்படி இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகே தேட வேண்டும். இல்லாவிட்டால் பாதிச் சான்று அகப்படாது. பழைய பக்கங்கள் யூனிகோடுக்கு முன் வழங்கிய திஸ்கி குறியாக்கத்தில் இருந்தால் முதலில் அவற்றை மாற்றியாக வேண்டும். ‘கலாய்’ என்று தேடினால் கலாய்ச்சான், கலாய்க்காத எல்லாம் வரும். ‘பொங்கு’ என்று தேடினால் பாலும் சேர்ந்து பொங்கி வரும், கையால்தான் பிரிக்க வேண்டும். ‘ஒரு மீம்ஸ்’, ‘மூணு ரீல்ஸ்கள்’ என்ற வழக்கில் அகராதிப் பதிவின் தலைச்சொல்லாக எதை வைப்பது என்பதும் தீர்க்க வேண்டிய கேள்வி. எங்கள் கருத்தில் மக்கள் ஒருமையில் எதைச் சொல்கிறார்களோ அதுதான் தலைச்சொல். ‘மீம்ஸ்’ தமிழில் ஒருமை.

பெயரே இல்லாத பழக்கங்களுக்குப் புதிதாக ஆக்கத்தான் வேண்டும். அதற்கு ஒரு சோதனை போதும்: சொல்லை இறந்தகாலத்தில், மறுப்பில், கேள்வியில், திட்டில் வைத்துப் பேசிப் பாருங்கள். அறிவிப்புப் பட்டையில் மட்டும் படித்துவிட்டுப் போவதற்கு ‘எட்டிப்படி’ என்று வைத்துப் பார்ப்போம். ‘எட்டிப்படிச்சியா?’, ‘இல்ல, எட்டிப்படிக்கல’, ‘எட்டிப்படிச்சுட்டுத் தெரியாத மாதிரி இருக்கான் பாரு’. எட்டிப்பார்ப்பது ஏற்கெனவே நாக்கில் இருப்பதால் விளக்கம் கேட்கமாட்டார்கள். படித்துவிட்டுப் பேசாமல் இருப்பதற்கு ‘நீலங்காட்டு’: ‘ரெண்டு நாளா நீலங்காட்டிட்டு இருக்கா’. பல்லைக் காட்டுவதும் கண்ணாமூச்சி காட்டுவதும் இருக்கிற மொழியில் இதற்கும் இடம் உண்டு. இவை நிற்குமா என்று எங்களுக்குக் கவலையில்லை. இதைவிட நல்லது வந்தால் இவை போகட்டும். மீமுக்கு வைத்த ‘போன்மி’யை இதே சோதனைக்கு உட்படுத்துங்கள். ‘போன்மி போட்டுட்டான்’ வரை வரும். அதற்கு மேல் நாக்கு ஒத்துழைக்காது.

பேச்சைப் பதிவு செய்வது புதிய கோரிக்கையும் அல்ல. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தபோதே வட்டார வழக்கு, பேச்சு வழக்கு, யாழ்ப்பாண வழக்கு என்று குறியிட்டுச் சொற்களைச் சேர்த்தது. 1992இல் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியும் பேச்சு வழக்குக்குத் தனிக் குறி வைத்தது. ‘கடிசொல் இல்லைக் காலத்துப் படினே’, அதாவது காலத்தோடு பொருந்தி வழங்கும் சொல்லை விலக்க வேண்டியதில்லை என்று தொல்காப்பியம் சொல்வதை உங்களுக்கு நாங்கள் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மேடைகளில் அந்த நூற்பாவைச் சொல்லிவிட்டுக் குழு அறைக்குள் வந்ததும் அதை மறப்பது மட்டும் எங்களுக்கு விளங்கவில்லை.

நாங்கள் கேட்பவை இவை.

வணிகப் பெயர்களுக்குத் தமிழ்ப்பெயர் சூட்டுவதை நிறுத்துங்கள். ஏற்கெனவே சேர்த்தவற்றை நீக்குங்கள். அவற்றை எப்படித் தமிழில் எழுத்துக்கூட்டுவது என்று மட்டும் ஒரு சீரான வடிவம் தாருங்கள். ‘இயங்கலை’, ‘முடக்கலை’, ‘பகிரலை’ ஆகியவை உங்கள் பட்டியலில் இருந்தால் திரும்பப் பெறுங்கள்.

இணையம் சார்ந்த ஒவ்வொரு பெயர்ச்சொல்லோடும் அது ஏற்கும் வினையையும், வினைச்சொற்களுக்கு ஏவல் வடிவத்தையும் சேர்த்து வெளியிடுங்கள்.

பேச்சு வழக்குச் சொற்களை மேலே காட்டிய முறையில், தேதியோடும் எடுத்துக்காட்டோடும் பதிவு செய்யத் தொடங்குங்கள். 2003க்கும் 2012க்கும் இடைப்பட்ட வலைப்பதிவுப் பின்னூட்டங்களே முதல் தொகுதியாக இருக்கட்டும். அழிவுக்கு மிக அருகில் இருப்பவை அவை. செத்த சொல்லை நீக்காமல் ‘வழக்கொழிந்தது’ என்று குறியிடுங்கள்.

பொதுமக்கள் சொல்லும் சான்றும் அனுப்ப ஒரு திறந்த படிவம் வையுங்கள். தள்ளுபடி செய்தால் ‘கொச்சை’ என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாமல் காரணத்தை எழுதுங்கள். புதுச்சொல் எதையும் வெளியிடும் முன் இருபது வயதுக்குட்பட்ட சிலரை அறைக்குள் அழைத்து, அவர்கள் வாயால் அதைப் பேசச் சொல்லிக் கேளுங்கள். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, கோலாலம்பூர், சிங்கப்பூர் இளைஞர்களும் அந்த அறையில் இருக்கட்டும். நேரில் வர முடியாவிட்டால் லைவில் வருவார்கள்.

தொகுத்த சான்றுகளையும் உழைப்பையும் தர நாங்கள் ஆயத்தம். உங்கள் அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இந்த மடலைச் சேருங்கள். ஏற்றவை எவை, மறுத்தவை எவை, ஏன் என்பதை எழுத்தில், எல்லோரும் பார்க்கும் இடத்தில் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
இணையத்தில் தமிழ் எழுதுவோரும் திரைச்சொல் தமிழாக்குவோரும்